பிள்ளையோடு முதல் கால்பந்துப் போட்டி: சென்னை நேரு ஸ்டேடியத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தொலைக்காட்சியில் கால்பந்து பார்க்கும் பிள்ளைக்குப் பந்து மட்டும்தான் தெரியும். கேமரா எங்கே போகிறதோ அங்கேதான் அதன் கண்ணும் போகும். ஸ்டேடியத்தில் உட்கார்ந்தால் இருபத்திரண்டு பேரும் ஒரே நேரத்தில் தெரிகிறார்கள். எதைப் பார்ப்பது என்று பிள்ளையே முடிவு செய்கிறது. சென்னையின் எஃப்சி அணியின் சொந்த மைதானமான பெரியமேடு ஜவாஹர்லால் நேரு ஸ்டேடியத்துக்கு என் மகளை அழைத்துப் போக ஆரம்பித்த பிறகு இந்த வித்தியாசத்தை நேரில் பார்த்தேன். இந்த இன்பம் இன்னும் நிறையப் பிள்ளைகளுக்குக் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். கால்பந்தே தெரியாத அம்மா அப்பாக்களும் இதைக் கையில் வைத்துக்கொண்டு கிளம்பலாம்.

படி 1: எந்தப் போட்டி?

முதல் போட்டிக்கு ஆறேழு வயதாவது ஆகியிருந்தால் நல்லது. அதற்குக் கீழே உள்ள பிள்ளைகள் வரக்கூடாது என்றில்லை. ஒன்றரை மணி நேரச் சத்தத்தையும் கூட்டத்தையும் தாங்குவது அவர்களுக்குக் கஷ்டம், அவ்வளவுதான்.

சென்னை அணி ஆடும் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) போட்டிகள் பெரும்பாலும் இரவு 7.30 மணிக்குத் தொடங்கும். முடிய 9.20 தாண்டிவிடும். ஒரே நாளில் இரண்டு போட்டிகள் இருந்தால் ஒன்று மாலை 5 மணிக்கு வரும். சிறு பிள்ளைக்கு அந்த 5 மணிப் போட்டி கிடைத்தால் விடாதீர்கள். கிடைக்காவிட்டால் சனிக்கிழமை இரவுப் போட்டியைத் தேர்ந்தெடுங்கள். மறுநாள் தூங்கி எழலாம். அட்டவணை மாறுவதும் உண்டு என்பதால், வெளியூரிலிருந்து வருகிறவர்கள் ரயில் டிக்கெட் எடுக்கும் முன் தேதியை இன்னொருமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

கேரளா பிளாஸ்டர்ஸ், பெங்களூரு எஃப்சி ஆகிய அணிகளுடன் மோதும் ஆட்டங்களுக்கு எதிரணி ரசிகர்களும் திரண்டு வருவார்கள். அனல் பறக்கும். ஆனால் முதல் தடவைக்கு அது வேண்டாம் என்பது என் கருத்து. கூட்டம் அளவாக உள்ள ஒரு போட்டியில் பிள்ளை இடத்துக்குப் பழகட்டும்.

படி 2: டிக்கெட்டும் இருக்கையும்

டிக்கெட் இணையத்தில் வாங்குவதுதான் சுலபம். எந்த வயது முதல் பிள்ளைக்குத் தனி டிக்கெட் வேண்டும் என்பதை நிபந்தனைகளில் படித்துவிடுங்கள். வாசலில் நின்று வாதாடுவதால் பயனில்லை.

இருக்கை விஷயத்தில் புதியவர்கள் எல்லோரும் கீழ் வரிசைக்குத்தான் ஆசைப்படுவார்கள். நேரு ஸ்டேடியத்தில் அது சரிப்படாது. இது கால்பந்துக்காக மட்டும் கட்டிய மைதானம் இல்லை. 1995ஆம் ஆண்டு தெற்காசிய விளையாட்டுப் போட்டிகள் இங்கேதான் நடந்தன. ஆடுகளத்தைச் சுற்றித் தடகள ஓடுபாதை ஓடுகிறது. கீழே உட்கார்ந்தால் அந்த ஓடுபாதைக்கு அப்பால், விளம்பரப் பலகைகளுக்கு மேலே, வீரர்களின் தலைகள்தான் தெரியும். பாதி உயரத்துக்கு மேலே, முடிந்தவரை நடுக்கோட்டுக்கு நேராக உட்காருங்கள். முழு ஆட்டமும் விரித்த பாய்போலத் தெரியும். இரண்டு டிக்கெட்டில் ஒன்று படிக்கட்டை ஒட்டியதாக இருக்கட்டும். பிள்ளைக்கு எப்போது கழிப்பறை தேவைப்படும் என்று யாருக்குத் தெரியும்?

பி ஸ்டாண்டைப் பற்றி ஒரு வார்த்தை. ‘பி ஸ்டாண்ட் புளூஸ்’ ரசிகர்களின் இடம் அது. மேளம், பாட்டு, கொடி என்று ஆட்டம் முழுக்க நின்றுகொண்டே இருப்பார்கள். அந்தக் கூட்டத்தின் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அணி தோற்றுக்கொண்டிருக்கும்போதும் அவர்கள் குரல் இறங்குவதில்லை. ஆனால் நடுவில் நிற்கும் ஏழு வயதுப் பிள்ளைக்கு முன்னால் உள்ளவரின் முதுகுதான் தெரியும். அவர்களைத் தூரத்திலிருந்து பார்க்கும் இடத்தில் உட்காருங்கள். பாட்டு எப்படியும் காதுக்கு வந்துவிடும்.

படி 3: வீட்டில் ஒரு வாரத் தயாரிப்பு

விதிகளைப் பாடமாக நடத்த வேண்டாம். கோல்கீப்பரைத் தவிர மற்றவர்கள் கையால் தொடக்கூடாது, மஞ்சள் அட்டை எச்சரிக்கை, சிவப்பு அட்டை என்றால் வெளியே, 45 நிமிடமாக இரண்டு பாதி. இவ்வளவு போதும். ஆஃப்சைட் மட்டும் கொஞ்சம் சிக்கல். தரையில் புளியங்கொட்டைகளைப் பரப்பி, ஒரு பட்டாணியைப் பந்தாக வைத்துக் காட்டுங்கள். எதிரணியின் பாதியில், பந்து உதைக்கப்படும் அந்த நொடியில், தாக்கும் வீரர் பந்தையும் தாண்டி, எதிரணியின் கடைசிக்கு முந்தைய ஆளையும் தாண்டி நின்றால் அவர் ஆஃப்சைட். கடைசி ஆள் பெரும்பாலும் கோல்கீப்பர். பிள்ளை கொட்டைகளை நகர்த்தி இரண்டு முறை விளையாடினால் பெரியவர்களைவிட வேகமாகப் பிடித்துக்கொள்ளும்.

விதியைவிட முக்கியம் கதை. பிள்ளைக்கு ஓர் அணி சொந்தமாவது கதையால்தான். சென்னை அணிக்கு 2015இன் கதை இருக்கிறது. அந்த டிசம்பரில் ஊரே வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்தது. ஐ.எஸ்.எல். அரையிறுதியின் சொந்த மைதானப் போட்டியைச் சென்னையில் நடத்த முடியாமல் புனேவுக்கு மாற்றினார்கள். அங்கே கொல்கத்தா அணியை 3-0 என்று வென்றது சென்னை. டிசம்பர் 20 அன்று கோவாவின் ஃபதோர்டாவில் இறுதிப் போட்டி. 87ஆவது நிமிடத்தில் எஃப்சி கோவா 2-1 என்று முந்திவிட்டது. மைதானமே கோவாவின் பக்கம். 90ஆவது நிமிடத்தில் கோவா கோல்கீப்பர் கட்டிமணி மீது பட்டுப் பந்து உள்ளே போனது, ஆட்டம் சமன். அடுத்த இரண்டு நிமிடத்துக்குள் கொலம்பியா வீரர் ஸ்டிவென் மெண்டோசா கோல் அடித்துக் கோப்பையைச் சென்னைக்குக் கொண்டுவந்தார். பயிற்சியாளர், 2006 உலகக் கோப்பையை வென்ற இத்தாலி அணியின் மாத்தெராட்சி. இந்தக் கதையைப் படுக்கும் நேரத்தில் சொல்லிப் பாருங்கள். மறுநாள் காலை பிள்ளை திரும்பச் சொல்லச் சொல்லும்.

இன்னொரு கதை அதைவிடப் பக்கத்தில் இருக்கிறது. ஸ்டேடியத்துக்குச் சில கிலோமீட்டர் வடக்கே வியாசர்பாடி. அங்கே தெருவிலும் திடலிலும் பந்து உதைத்து வளர்ந்தவர் தனபால் கணேஷ். 2017-18 பருவத்தில் சென்னை அணி இரண்டாவது முறை கோப்பை வென்றபோது நடுக்களத்தில் ஆடியவர். அதே வியாசர்பாடியின் நந்தகுமார் சேகர், 2023 டியூரண்ட் கோப்பையில் ஈஸ்ட் பெங்கால் அணிக்காக மோகன் பகானை வீழ்த்திய ஒரே கோலை அடித்தார். மகள் இருந்தால் கடலூர் மாவட்டத்தின் இந்துமதி கதிரேசனைப் பற்றியும் சொல்லுங்கள். இந்திய அணிக்காக ஆடிய நடுக்கள வீராங்கனை, தமிழ்நாடு காவல்துறையில் அதிகாரி. மதுரையைச் சேர்ந்த சேது எஃப்சி 2019இல் இந்திய மகளிர் லீக்கை வென்றதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கால்பந்து ஆண் பிள்ளைகளின் ஆட்டம் என்ற எண்ணம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. அது போக வேண்டும்.

உடுத்துவதற்கு நீலம் எதுவானாலும் சரி. ஜெர்சி விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்பதில்லை.

படி 4: போய்ச் சேர்வது

காரையும் பைக்கையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். ஹெல்மெட்டை உள்ளே விடமாட்டார்கள். அதை எங்கே வைப்பது என்பதே தனிப் பிரச்சினை. சென்ட்ரல் மெட்ரோவில் இறங்கி ரிப்பன் மாளிகையைத் தாண்டி நடந்தால் ஸ்டேடியம் வந்துவிடும். தாம்பரம் பக்கத்திலிருந்து மின்சார ரயிலில் வருகிறவர்கள் பார்க் ஸ்டேஷனில் இறங்கலாம். எழும்பூரில் வந்து இறங்கும் வெளியூர்க்காரர்களுக்கு மெட்ரோவில் அடுத்த நிறுத்தமே சென்ட்ரல். பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, நீல ஜெர்சிக்காரர்கள் வழியெங்கும் ஒருவர் இருவராகக் கூடிக்கொண்டே வருவதைப் பார்த்தபடி நடப்பது அந்த நாளின் நல்ல பகுதிகளில் ஒன்று.

தாத்தாவும் கூட வந்தால், இதே இடத்தில்தான் பழைய கார்ப்பரேஷன் ஸ்டேடியம் இருந்தது, 1956இல் நியூசிலாந்துக்கு எதிரான கிரிக்கெட் டெஸ்டில் வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் சேர்த்தார்கள் என்பதை அவரே சொல்லிவிடுவார். சொல்லவிடுங்கள்.

ஸ்டேடியத்துக்குப் போகும் முன்பே பிள்ளைக்கு வயிறார ஏதாவது கொடுத்துவிடுங்கள். உள்ளே கிடைப்பவை கொறிப்பதற்குத்தான் ஆகும், விலையும் அதிகம்.

படி 5: வாசலில்

ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரம் முன்பே வாசலில் இருங்கள். வெளியிலிருந்து தண்ணீர் பாட்டில், உணவு, குடை, பவர் பேங்க், தீப்பெட்டி, லைட்டர் போன்றவற்றைப் பொதுவாக அனுமதிப்பதில்லை. மழைக்காலம் என்றால் குடைக்குப் பதிலாக மழைக்கோட்டு. சத்தத்துக்குப் பயப்படும் பிள்ளைக்குக் காதை மூடும் மஃப் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு மருந்து ஏதாவது தேவைப்பட்டால் மருத்துவர் சீட்டோடு எடுத்துப் போங்கள்.

உள்ளே நுழைந்ததும் முதல் வேலை: உங்கள் கைபேசி எண்ணைப் பிள்ளையின் முன்கையில் பேனாவால் எழுதுங்கள். நீங்கள் நுழைந்த கேட் எண்ணைப் பிள்ளையையே சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். தொலைந்துபோனால் சீருடை போட்டவரிடம் போக வேண்டும் என்று சொல்லிவையுங்கள். அடுத்து கழிப்பறை எங்கே என்று பாருங்கள். அதன் பிறகே இருக்கை.

படி 6: விசிலுக்கு முன்

சீக்கிரம் வரச் சொன்னதற்குக் காரணம் இதுதான். ஆட்டத்துக்கு முக்கால் மணி நேரம் இருக்கும்போது வீரர்கள் பயிற்சிக்கு வருவார்கள். முதலில் வருவது பெரும்பாலும் கோல்கீப்பர்கள். பயிற்சியாளர் இடமும் வலமுமாக அடிக்க அடிக்க, ஒருவர் விழுந்து எழுந்து விழுந்து எழுந்து பிடிப்பதைப் பிள்ளைகள் கண் கொட்டாமல் பார்ப்பார்கள். உண்மையான ஆட்டத்தில் கோல்கீப்பருக்கு இவ்வளவு வேலை இருக்காது. கூட்டமும் குறைவு, உதைக்கும் சத்தம் காதில் விழும்.

படி 7: ஆட்டத்தைப் பார்ப்பது

முதல் பத்து நிமிடம் எதுவும் சொல்லாதீர்கள். பிள்ளை கொடியைப் பார்க்கட்டும், மேளக்காரரைப் பார்க்கட்டும், விளக்குக் கம்பத்தைப் பார்க்கட்டும். “பந்தைப் பாரு, பந்தைப் பாரு” என்று தோளைத் தட்டும் அப்பாக்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும்.

பிறகு ஒரு விளையாட்டு: ஒரே ஒரு வீரரைத் தேர்ந்தெடுத்து ஐந்து நிமிடம் அவரை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள், பந்து எங்கே இருந்தாலும். விங்கில், அதாவது ஆடுகளத்தின் ஓரத்தில், ஆடுபவர் நல்ல தேர்வு. அவர் பந்தே வராத இடத்துக்கு வேகமாக ஓடுவார். பந்து வராது. நடந்து திரும்பி வருவார். மறுபடி ஓடுவார். ஏன் ஓடுகிறார் என்று பிள்ளை கேட்கும். அவர் ஓடியதும் அவரைக் காக்கும் டிஃபெண்டரும் கூடவே இழுபட்டுப் போவதையும், அந்தக் காலி இடத்தில் இன்னொருவர் நுழைவதையும் சுட்டிக்காட்டுங்கள். பந்தைத் தொடாதவரும் ஆடிக்கொண்டிருக்கிறார் என்பது புரிந்துவிட்டால் பிள்ளைக்குக் கால்பந்து பிடிபட்டுவிட்டது.

அடுத்து, நம் அணி தாக்கும்போது நம் கோல்கீப்பரைப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் கோல் கம்பத்தடியில் நிற்கமாட்டார். பெனால்டி பெட்டியின் விளிம்புவரை வந்து கையைக் காட்டிக் கத்திக்கொண்டிருப்பார். கொடி பிடித்த துணை நடுவரையும் பாருங்கள். கடைசி டிஃபெண்டரோடு ஒரே கோட்டில் அவர் பக்கவாட்டில் ஓடுவது ஏன் என்று, புளியங்கொட்டை வைத்து விளையாடிய பிள்ளைக்கு உடனே தெரியும்.

கார்னர் கிடைத்தால் பேச்சை நிறுத்துங்கள். பெட்டிக்குள் நடக்கும் தள்ளுமுள்ளைப் பார்க்கும் நேரம் அது. 2018 ஐ.எஸ்.எல். இறுதிப் போட்டியில், பெங்களூரின் கண்டீரவா மைதானத்தில், பிரேசில் டிஃபெண்டர் மைல்சன் ஆல்வெஸ் இரண்டு கார்னர்களில் இரண்டு முறை தலையால் முட்டிக் கோல் அடித்தார். சென்னை 3-2 என்று வென்றது.

இடைவேளை 15 நிமிடம்தான். பாதி முடிவதற்கு இரண்டு நிமிடம் முன்பே கழிப்பறைக்குக் கிளம்புங்கள். இல்லாவிட்டால் வரிசையிலேயே நேரம் போய்விடும்.

படி 8: தோல்வி, கெட்ட வார்த்தை, தூக்கம்

பக்கத்தில் யாராவது நடுவரை வாய்க்கு வந்தபடி திட்டுவார். பிள்ளை உங்கள் முகத்தைப் பார்க்கும். சண்டைக்குப் போக வேண்டாம். “அண்ணே, பாப்பா இருக்கு” என்றால் பெரும்பாலும் அடங்கிவிடுவார்கள், சிலர் மன்னிப்பும் கேட்பார்கள். அடங்காவிட்டால் இடம் மாறுங்கள்.

தோற்றால் பிள்ளை அழலாம். “விளையாட்டுதானே” என்று சொல்லாதீர்கள். பிள்ளைக்கு அது விளையாட்டு மட்டும் இல்லை. கூடவே கொஞ்ச நேரம் வருத்தமாக இருங்கள்.

எழுபதாவது நிமிடத்தில் தூக்கம் வந்தால் மடியில் படுக்கவிடுங்கள். உண்மையிலேயே முடியவில்லை என்றால் எழுந்து போய்விடலாம். ஆனால் கூட்டத்துக்குப் பயந்து மட்டும் 85ஆவது நிமிடத்தில் கிளம்பாதீர்கள். ஃபதோர்டாவில் அப்படிக் கிளம்பியிருந்தால் கடைசி மூன்று கோல்களும் போயிருக்கும்.

படி 9: வெளியே வருவதும் ஞாயிற்றுக்கிழமையும்

விசில் ஊதியதும் ஓட வேண்டாம். வீரர்கள் ரசிகர்களுக்குக் கைதட்டி நன்றி சொல்ல வருவார்கள். பார்த்துவிட்டுக் கால் மணி நேரம் கழித்து இறங்கினால் படிக்கட்டு காலியாக இருக்கும். கடைசி மெட்ரோ எத்தனை மணிக்கு என்று போகும்போதே பார்த்துவையுங்கள். வெளியூர்க்காரர்கள் அன்றிரவே ரயில் பிடிக்கத் திட்டமிடாமல் எழும்பூர் பக்கம் ஓர் அறை எடுத்துக்கொள்வது நிம்மதி.

மறுநாள் காலை பிள்ளைக்குக் கால் சும்மா இருக்காது. ஒரு பந்து கொண்டுபோயிருந்தால் மெரினா மணலில் இறக்கிவிடுங்கள். எட்டு வயதுக்குக் கீழே என்றால் 3ஆம் எண் பந்து, பன்னிரண்டு வரை 4ஆம் எண். பெரியவர்களின் 5ஆம் எண் பந்து சின்னக் காலுக்குக் கனம். செருப்பை வைத்துக் கோல் போஸ்ட் அமைத்தால் போதும். நீங்கள் கோல்கீப்பராக நில்லுங்கள், நேற்றுப் பார்த்த விங் வீரரின் ஓட்டத்தைப் பிள்ளை ஓடிக் காட்டும். தண்ணீர்ப் பக்கம் பந்து போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் பந்தை நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் காயவையுங்கள். உப்பும் மணலும் தையலில் தங்கினால் சீக்கிரம் பிரிந்துவிடும்.