சர்க்கரை நோயாளரும் மழைக்காலக் காய்ச்சலும்

இராமநாதபுரத்திற்குத் தெற்கே ஏறத்தாழ 17 கிலோமீட்டர் தொலைவில், மன்னார் வளைகுடாவின் கரையில் அமைந்திருப்பது கீழக்கரை. முத்துக்கும் சங்குக்கும் பெயர் பெற்ற பழந்துறைமுகம் இது. இப்பகுதியில் மழை குறைவு. நிலத்தடி நீரிலோ பல இடங்களில் உப்பு மிகுதி. ஆதலால் கிடைக்கும் நல்ல நீரைத் தொட்டியிலும் குடத்திலும் சேமித்து வைப்பது இவ்வூரிலும், ஏர்வாடி, பெரியபட்டினம் முதலிய அண்டை ஊர்களிலும் தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம். சேமிப்பு நல்லதே. ஆனால் மூடாத தொட்டி கொசுவுக்கு வீடாகிறது. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் டெங்கு, சிக்குன்குனியா முதலிய வைரஸ் காய்ச்சல்கள் தலைகாட்டுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

இத்தகைய காய்ச்சல் எவருக்கு வந்தாலும் துன்பமே. எனினும் நீரிழிவு எனப்படும் சர்க்கரை நோய் உள்ளவருக்கு அது வரும்போது அபாயம் அதிகம். இந்த அபாயத்தைப் பெருமளவு நம் கையாலேயே தவிர்க்கலாம். அதற்கான வழிகளை இங்கே காண்போம்.

ஒன்றை ஒன்று வளர்க்கும் இரு பகைகள்

உடலுக்குள் புகும் கிருமிகளை எதிர்க்கும் காவற்படையாக இரத்தத்தில் வெள்ளணுக்கள் உள்ளன. கிருமி இருக்குமிடத்தை நாடிச் சென்று அதனை விழுங்கி அழிப்பது அவற்றின் தொழில். இரத்தத்தில் சர்க்கரை நெடுநாள் மிகுந்திருந்தால் இந்தக் காவலர்கள் சோர்ந்துவிடுகின்றனர். எனவே நோய் எளிதில் முற்றுகிறது; ஆறுவதற்கும் நாளாகிறது.

காய்ச்சலும் தன் பங்கிற்குச் சர்க்கரையை உயர்த்துகிறது. நோயை எதிர்த்துப் போரிடும் வேளையில் உடல் சில சுரப்பு நீர்களை மிகுதியாக வெளியிடுகிறது. அவை கல்லீரலில் சேர்ந்துள்ள சர்க்கரையை இரத்தத்தில் கலக்கச் செய்வதோடு, இன்சுலினின் வேலையையும் தடுக்கின்றன. ஆகவே ஒரு கவளம் உணவும் உட்கொள்ளாத நாளிலும் சர்க்கரை ஏறக்கூடும். இந்த உண்மையை நன்கு மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். “இன்று சாப்பிடவில்லை, ஆகையால் மருந்தும் வேண்டாம்” என்று தாமாகவே நிறுத்திவிடுவதுதான் பல இல்லங்களில் நேரும் பெரும் பிழை.

கொரோனா புகட்டிய பாடம்

2020-ல் உலகெங்கும் பரவிய கொரோனா நோய் இதனைத் தெளிவாகக் காட்டிற்று. அவ்வாண்டு இங்கிலாந்தில் முதல் அலையின்போது மருத்துவமனைகளில் அந்நோயால் இறந்தோரில் மூவரில் ஒருவர் சர்க்கரை நோயாளராக இருந்தனர் என்று ஆய்வாளர் கணக்கிட்டனர். சர்க்கரைக் கட்டுப்பாடு மிகக் குறைவாக இருந்தோரிடையே இறப்பும் கூடுதலாக இருந்தது. 2021-ல் நம் நாட்டில் இரண்டாம் அலை வீசியபோது கருப்புப் பூஞ்சை நோய் பலரைத் தாக்கியது. அது வைரஸ் அன்று, பூஞ்சையே. கொரோனாவால் நலிந்து, ஸ்டீராய்டு மருந்தால் சர்க்கரை மேலும் ஏறிய உடல்களில் அது எளிதாகக் குடிபுகுந்தது.

2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவு பெற்ற ஆய்வின்படி, நம் நாட்டில் நீரிழிவு உள்ளோர் பத்துக் கோடிக்கும் மேற்பட்டவர். ஆதலால் இதனை யாரோ ஒரு சிலரின் கவலை என்று ஒதுக்கிவிட இயலாது. தெருவுக்குத் தெரு, வீட்டுக்கு வீடு உள்ள கவலை இது.

காய்ச்சல் வருமுன் செய்ய வேண்டியவை

நலமாக உள்ள நாட்களில் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருப்பதே முதற் காப்பு. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனையில் அளவு 7 சதவீதத்திற்குக் கீழ் இருப்பது பெரும்பாலோர்க்கு நல்லது. முதியோர்க்கு மருத்துவர் சற்றுத் தளர்த்திக் கூறலாம்.

உணவைப் பற்றி ஒரு சொல். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்துக் கிண்டும் கீழக்கரைத் தொதலின் சுவையை அறியாதார் இப்பகுதியில் இல்லை. வெள்ளைச் சர்க்கரைதான் கெடுதி, கருப்பட்டி சேர்ந்தால் தீங்கில்லை என்று எண்ணுவோர் பலர். கருப்பட்டியும் இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றவே செய்யும். விருந்து நாளில் சிறு துண்டோடு நிறுத்திக்கொள்வது அறிவுடைமை.

ஆண்டுதோறும் போடும் இன்புளுயன்சா தடுப்பூசி, கொரோனா தடுப்பூசி, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி நோய்க்கான தடுப்பூசி ஆகியவற்றைப் பற்றி மருத்துவரைக் கலந்துகொள்ள வேண்டும். விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கும் ஊசியை ஒருவருக்கு மேல் பயன்படுத்தலாகாது. ஒரே குடும்பத்தினராயினும் இவ்விதிக்கு விலக்கில்லை. ஹெபடைட்டிஸ் பி வைரஸ், கண்ணுக்குத் தெரியாத இரத்தத் துளியினாலும் பரவவல்லது.

காய்ச்சல் கண்ட நாளில்

1. சர்க்கரை மருந்தைத் தாமாக நிறுத்தலாகாது. இளமையிலேயே நோய் கண்டு இன்சுலினையே நம்பி வாழ்வோர் அதனை ஒருபோதும் முழுதும் விடலாகாது. மாத்திரைகளின் நிலை வேறு. உணவு செல்லாதபோது சில மாத்திரைகள் சர்க்கரையை மிகவும் இறக்கிவிடும்; வேறு சிலவற்றை உடலில் நீர் வற்றிய நிலையில் சிறிது காலம் நிறுத்த நேரிடும். எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்று முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவரே. ஆகவே காய்ச்சல் கண்ட அன்றே அவரிடம் கேட்க வேண்டும்.

2. வீட்டில் கருவி இருப்பின் நான்கு மணிக்கு ஒருமுறை சர்க்கரையைப் பார்த்துத் தாளில் குறிக்க வேண்டும். அளவு 70-க்குக் கீழ் இறங்கினால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். நோயாளி நினைவிழந்திருந்தால் வாயில் எதையும் ஊற்றலாகாது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்ல வேண்டும். அளவு 300-க்கு மேலேயே நின்றாலும் தாமதம் கூடாது.

3. உப்பிட்ட கஞ்சித் தண்ணீர், மோர், உப்பு சர்க்கரைக் கரைசல் ஆகியவற்றைச் சிறிது சிறிதாக அடிக்கடி பருகி வரவேண்டும். சிறுநீரக நோயோ இதய நோயோ உள்ளவர் எவ்வளவு பருகலாம் என்பதை மருத்துவர் சொல்வார்.

4. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மாத்திரையே போதும். டெங்குவில் ஆஸ்பிரின், புருபென் போன்றவை இரத்தக் கசிவை மிகுவிக்கும். எனவே கடையில் கேட்டு வாங்கிய வலி மாத்திரைகளை விழுங்கலாகாது.

5. டெங்குவில் காய்ச்சல் தணியும் நாட்களே கடுமையான நாட்கள். மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாள் வரை உடல் சூடு குறைந்ததும் நோய் தீர்ந்தது என்று மகிழ்ந்து இருந்துவிடலாகாது. வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், அமைதியின்மை, தெளிவற்ற பேச்சு, வேகமான மூச்சு ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் இரவென்றும் பாராது ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். 2022-ல் தொடங்கப்பெற்ற அரசு மருத்துவக் கல்லூரி இராமநாதபுரத்திலேயே உள்ளது. அவசர ஊர்திக்கு 108 எண்ணை அழைக்கலாம்.

நோன்பு மாதத்தில் காய்ச்சல் வருமாயின் சிலர் நோன்பை விட மனமின்றி மருந்தை விடுகின்றனர். நோயுற்றோர் நோன்பை விட்டுப் பின்னொரு நாளில் நோற்கலாம் என்று மார்க்கமே சலுகை அளித்திருக்கிறது. விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறியாது என்பதே மார்க்க அறிஞர் பலரின் கருத்து. வீட்டுப் பெரியவர்கள் இதனை எடுத்துச் சொன்னால் நோயாளிக்கு மனச்சாந்தி உண்டாகும்.

ஊரார் கடமை

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. தெளிந்த நீரில் முட்டையிடுவது. தொட்டியை வெறுமனே காலி செய்தால் மட்டும் போதாது. முட்டைகள் சுவரில் ஒட்டியபடியே பல மாதங்கள் காய்ந்து கிடந்து, மீண்டும் நீர் பட்டவுடன் பொரிக்கும். முட்டை கொசுவாவதற்கு ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை ஆகும். ஆகவே வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, தொட்டியையும் குடத்தையும் உட்சுவர் தேய்த்துக் கழுவி, இறுக மூடிவைக்க வேண்டும். கழுவ இயலாத பெருந்தொட்டிகளுக்குத் துணியால் வேடு கட்டலாம். தென்னஞ் சிரட்டை, பழைய டயர், உடைந்த சட்டி ஆகியவற்றை அகற்றிவிட வேண்டும். ஒரு வீடு செய்து பக்கத்து வீடு செய்யாவிடில் பயனில்லை. இது தெருவே கூடிச் செய்ய வேண்டிய பணியாகும்.

1948-ல் டாக்டர் எம். விசுவநாதன் சென்னை ஸ்டான்லியில் நீரிழிவுக்கெனத் தனிச் சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். அந்நாளில் இந்நோய்க்குத் தனிக் கவனிப்பு நாடியவர் சென்னைக்குச் செல்ல வேண்டியிருந்தது. 2021 ஆகஸ்டு 5-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்படி, சர்க்கரை நோய்க்கும் இரத்தக் கொதிப்புக்குமான மாத்திரைகள் வீட்டு வாயிலுக்கே வரலாயின. மருந்து கொண்டுவரும் பெண்கள் பலரும் சுய உதவிக் குழுக்களைச் சேர்ந்தவர்கள். அவர்கள் வரும்போது, “காய்ச்சல் வந்தால் நான் எந்த மருந்தைத் தொடர வேண்டும்?” என்று மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கித் தருமாறு ஒவ்வொரு நோயாளியும் வேண்டிக்கொள்ளலாம். அந்தத் தாளைச் சுவரில் ஒட்டிவைத்தால், ஆண்மக்கள் அயல்நாட்டில் பொருளீட்டச் சென்றுள்ள வீடுகளிலும், தனித்திருக்கும் தாய்மார்க்கு அது நள்ளிரவில் துணை நிற்கும்.

அடுத்த மழை வருமுன் தொட்டிக்கு ஒரு மூடியும் சுவருக்கு அந்த ஒரு தாளும் ஒவ்வொரு வீட்டிலும் அமையுமாக.