நுழையும்போதே வெளியேறும் வழி



சக்கர வியூகத்துக்குள் நுழையத் தெரிந்த அபிமன்யுவுக்கு வெளியே வரத் தெரியாது. டிப்ளமோ முடித்ததும் சொந்தத் தொழில் என்று கிளம்பும் நம்மில் பலரும் அப்படிப் பாதிப் பாடத்தோடுதான் போகிறோம். மீதிப் பாதியை இங்கே பார்ப்போம்.

ஒலியைவிட இரு மடங்கு வேகத்தில் பறந்த கான்கார்டு விமானத்தை நாம் அறிவோம். அதைச் சேர்ந்து தயாரிக்க பிரிட்டனும் பிரான்சும் 1962 நவம்பரில் ஒப்பந்தம் செய்தன. ஒருவர் இடையில் விலகுவதானால் எப்படி என்ற விதி அதில் இல்லை. செலவு ஏறிக்கொண்டே போனதால் 1964-ல் வந்த பிரிட்டனின் புதிய அரசு விலகப் பார்த்தது, முடியவில்லை. செலவு பல மடங்கானது. சோதனை விமானங்களையும் சேர்த்து மொத்தம் 20 தான் தயாராயின. பயணிகள் சேவைக்கு வந்தவை 14. அந்தச் சேவை 1976-ல் தொடங்கி 2003-ல் முடிந்தது.

"இவ்வளவு போட்டாச்சே, இப்ப எப்படி விடறது?" என்று தோன்றுவதற்குக் 'கான்கார்டு மாயை' என்றே பெயர் வந்துவிட்டது.

ஒரு சின்னக் கணக்கு. லேத் பட்டறையில் ரூ.2 லட்சம் போட்டாச்சு. இன்னும் ரூ.50,000 போட்டால் ரூ.30,000 தான் திரும்பும். அந்த 2 லட்சம் தொடர்ந்தாலும் போச்சு, நிறுத்தினாலும் போச்சு. ஆகவே அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. தொடர்ந்தால் மேற்கொண்டு ரூ.20,000 நஷ்டம், அவ்வளவுதான் கணக்கு. ஆனால் கடன்காரர் வாசலில் நிற்கும்போது மனசு இப்படிக் கணக்குப் போடாது. எனவே, தொடங்கும் நாளிலேயே இவற்றை எழுதி வையுங்கள்:

1. எல்லை: எவ்வளவு வரை போடுவேன், எந்தத் தேதி வரை பார்ப்பேன்?

2. விற்பனை: பழைய லேத்தை வாங்க ஆள் உண்டு. ஒரே கம்பெனியின் ஒரே பாகத்துக்காகச் செய்த டை, ஆர்டர் நின்றால் பழைய இரும்பு விலைக்குத்தான் போகும்.

3. வாடகை: காலி செய்ய எத்தனை மாத நோட்டீஸ்? அட்வான்ஸ் எப்போது திரும்பும்?

4. கூட்டு: "நமக்குள்ள என்னடா பத்திரம்?" என்பதுதான் பெரிய ஆபத்து. 1932-ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டப்படி, கால அளவோ முடிக்கும் விதமோ பேசிக்கொள்ளாத கூட்டை, எந்தக் கூட்டாளியும் மற்ற எல்லோருக்கும் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்துக் கலைக்கலாம். காலம் குறித்த கூட்டிலிருந்து நடுவில் விலக, மற்ற எல்லோரும் சம்மதிக்க வேண்டும். அல்லது பத்திரத்திலேயே வழி இருக்க வேண்டும். விலகியதைப் பொது அறிவிப்பாகக் கொடுக்காவிட்டால், நம்மைக் கூட்டாளி என்று நம்பி அதன்பின் கடன் கொடுத்தவருக்கும் நாம் பதில் சொல்ல வேண்டிவரும்.

எழுதியதைப் பட்டறைக் கணக்கு நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டுங்கள். வீட்டில் அப்பாவிடமோ அண்ணனிடமோ ஒரு நகல் இருக்கட்டும். குறித்த தேதி வரும்போது, "இன்னும் ஒரே ஒரு மாசம்" என்று நாம் இழுத்தாலும், அவர்கள் அந்தத் தாளை எடுத்துக் காட்டுவார்கள்.

வெளியேறும் வழி தெரிந்தவன் பயமில்லாமல் உள்ளே போகலாம். பட்டறை மூடினாலும் கையில் தொழில் இருக்கிறது; கடன் இல்லாமல் வெளியே வந்தவன் மறுபடியும் தொடங்கலாம். துணிந்து தொடங்குவோம், நண்பர்களே!