தவணைப் புள்ளி குறைந்த பிள்ளைக்குப் பல்கலைக்கழகம் கிடைக்குமா?

மண்சரிவால் இடம்பெயர்ந்து பசறைக்குத் திரும்பும் பெற்றோர் பலர் கேட்பது இதுதான்: "பிள்ளை உயர்தர வகுப்பில் பல வாரம் பாடசாலைக்குப் போகவில்லை, தவணைப் புள்ளி விழுந்துவிட்டது, இனிப் படித்து என்ன?"

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு தவணைப் புள்ளியைப் பார்ப்பதில்லை. அமெரிக்காவில் கடைசி வருடப் புள்ளி சரிந்தால், கொடுத்த அனுமதியையே கல்லூரி மீளப்பெறலாம். இங்கே க.பொ.த. உயர்தரப் பரீட்சையில் வரும் இசட் புள்ளிதான் கணக்கு. மூன்று தடவை தோற்றலாம். மூன்று பாடங்களிலும் ஒரே தடவையில் சித்தி வேண்டும்.

பெரும்பாலான துறைகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகின்றன. பதுளை அந்தப் பின்தங்கிய மாவட்டங்களில் ஒன்று. அதனால் கொழும்புப் பிள்ளைக்குப் போதாத புள்ளி உங்கள் பிள்ளைக்குப் போதுமாகலாம்.

ஆனால் மாவட்டத்தைத் தீர்மானிப்பது பரீட்சைக்கு முந்திய மூன்று வருடங்களில் பிள்ளை படித்த பாடசாலை. உறவினர் வீட்டிலிருந்து வேறு மாவட்டத்தில் படிக்க வைக்க நினைத்தால், முதலில் அதிபரிடம் கேளுங்கள். விடுகைப் பத்திரங்களைப் பத்திரமாக வையுங்கள்.

"ஒரு வருடம் கடையில் வேலை செய்யட்டும், பிறகு எழுதலாம்" என்று கொழும்புக்கு அனுப்புவதுதான் குறைந்த புள்ளியைவிடப் பெரிய ஆபத்து. அப்படிப் போன பிள்ளைகள் வகுப்புக்குத் திரும்புவது குறைவு.

தேசிய அடையாள அட்டை மண்ணில் போயிருந்தால் இப்போதே பொலிஸில் முறைப்பாடு செய்து, அந்தப் பிரதியுடன் கிராம உத்தியோகத்தரிடம் போங்கள். பரீட்சை மண்டபத்தில் அதைக் கேட்பார்கள்.