ஃபிளாஞ்சர் பெடல்: இசையிலும் இரைச்சலிலும் அதன் பயன்

டச்சு விஞ்ஞானி கிறிஸ்டியான் ஹைகன்ஸ், பிரான்சிலுள்ள சாண்டிலி மாளிகைத் தோட்டத்தில் தாம் கேட்ட ஒரு விந்தையை 1693-ஆம் ஆண்டில் எழுதி வைத்தார். நீரூற்றுக்கும் அகன்ற கற்படிக்கட்டுக்கும் இடையே நின்றபோது, நீரின் வெற்று இரைச்சலினூடே திட்டமான சுருதியுடைய ஒரு தொனி அவர் செவிக்கு எட்டியது. படிகளில் பட்டு அடுத்தடுத்துத் திரும்பும் எதிரொலிகளே அதற்குக் காரணம் என்று அவர் கண்டார். பனி பெய்து படிகளை மூடியபோது அத்தொனி மறைந்து போயிற்று. மைசூரை அடுத்த கிருஷ்ணராஜசாகர் அணையின் அடியிலுள்ள பிருந்தாவனப் பூங்காவிலும் நீரூற்றுகளும் படிகளும் உண்டு. மாணவரை அங்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர், விளக்கொளியை மட்டும் காட்டாது, இதனையும் செவியால் தேடச் சொல்லலாம்.

கிதார், வீணை முதலிய கருவிகளுக்கும் ஒலிபெருக்கிக்கும் இடையே இணைத்துக் காலால் மிதித்து இயக்கும் ஃபிளாஞ்சர் பெடல், இதே வேலையை மின்சுற்றினால் செய்கிறது. வரும் ஒலியின் நகல் ஒன்றைச் சிறிது தாமதித்து மூல ஒலியோடு கூட்டுவதே அதன் தொழில். தாமதம் 1 மில்லி வினாடி என்று கொள்வோம். 500 ஹெர்ட்ஸ் அலைக்கு அது அரை அலையாதலால், இரண்டும் எதிர்ப்பட்டு அழிகின்றன. 1,500, 2,500 ஹெர்ட்ஸ்களிலும் அவ்வாறே. 1,000, 2,000 ஹெர்ட்ஸ்களில் இரண்டும் ஒத்து வலுக்கின்றன. ஒலி நிறமாலை சீப்பின் பற்களைப்போல் வெட்டுண்டு நிற்கிறது. தாமதத்தை மெல்லக் கூட்டிக் குறைத்தால் பற்கள் மேலும் கீழும் நகரும். விமானம் கடந்து செல்வதை ஒத்த அந்தச் சீறல் இதுவே.

முற்காலத்தில் இரு நாடா இயந்திரங்களில் ஒரே பதிவை ஓட்டி, ஒன்றின் சுருள் விளிம்பை விரலால் அழுத்தித் தாமதம் உண்டாக்கினர். அவ்விளிம்பின் ஆங்கிலப் பெயரே கருவிக்கும் வந்தது. 1969-இல் ஃபிலிப்ஸ் ஆய்வுக்கூடத்தில் சாங்ஸ்டரும் டேரும் அமைத்த 'வாளி வரிசைச்' சுற்று, தீயணைப்போர் வாளியைக் கைமாற்றுவதுபோல் மின்னேற்றத்தைப் படிப்படியாகக் கடத்தித் தாமதம் தந்தது. அதன் பின்னரே சிறு பெட்டி சாத்தியமாயிற்று.

பெடல் இல்லாத பள்ளியிலும் இதைக் காட்டலாம். நிலையம் எதுவும் பிடிக்காத வானொலிப் பெட்டியின் இரைச்சலை அறையின் ஒரு கோடியில் வைத்து, எதிரிலுள்ள வெறுஞ்சுவரை நோக்கி மாணவன் மெல்லத் தலையைக் கொண்டு செல்லட்டும். செவி சுவரினின்று 34 சென்டிமீட்டரில் இருக்கும்போது ஏறத்தாழ 500 ஹெர்ட்ஸும், 17 சென்டிமீட்டரில் ஏறத்தாழ 1,000 ஹெர்ட்ஸும் கொண்ட மெல்லிய தொனி தோன்றும். நெருங்க நெருங்கச் சுருதி ஏறும்.

பெடலின் குமிழ்கள் நான்கு. தாமதத்தின் நிலை, அசைவின் ஆழம், அசைவின் வேகம் ஆகிய மூன்றும் கையாண்டால் விளங்கிவிடும். நான்காவதான பின்னூட்டத்தில்தான் கவனம் வேண்டும். வெளிவரும் ஒலியில் ஒரு பங்கை மீண்டும் உள்ளே செலுத்துவதால் பற்கள் கூர்மையாகி, பெடலே தனக்கென ஒரு சுருதியைப் பாடத் தொடங்குகிறது. ஒரு கட்டை சுருதியில் ஆதார சட்ஜம் 261.6 ஹெர்ட்ஸ். தாமதத்தை 3.82 மில்லி வினாடியில் நிறுத்தினால், பின்னூட்டம் அந்த சட்ஜத்தையும், மேல் சட்ஜத்தையும், அதற்கு மேலுள்ள பஞ்சமத்தையும் வலுப்படுத்தும். 'தலைகீழ்' முறைக்கு மாற்றினால் கீழ்ஸ்தாயி சட்ஜமும் அதன் ஒற்றைப்படை மடங்குகளும் மட்டும் எழும். ஒரு முனை மூடிய குழலை ஊதியது போன்ற பொள்ளல் ஒலி அது. தாமதத்தைச் சுருதிக்கு ஒவ்வாத இடத்தில் விட்டுவிட்டுப் பின்னூட்டத்தை ஏற்றுவோர் தம்பூராவுடன் போராடுகின்றனர்.

இன்னொரு தீங்கு செவிக்கு எளிதில் புலப்படாது. தாமதம் மாறிக்கொண்டிருக்கையில் நகலின் சுருதியும் மாறுகிறது. 1 மில்லி வினாடியிலிருந்து 5 வரை அரை வினாடியில் நகர்த்தினால் மாற்றம் நூற்றுக்கு 0.8. பிரமாண சுருதி எனப்படும் 81/80 இடைவெளி நூற்றுக்கு 1.25. அதாவது அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பிசகு, வீணை வித்துவான் கவனத்துடன் இழுத்த கமகத்தின்மேல் ஏறுகிறது. ஆகவே இராக ஆலாபனைக்கு வேகத்தையும் ஆழத்தையும் மிகக் குறைத்தல் நலம். அசைவையே நிறுத்தி, சீப்பை ஒரே இடத்தில் உறையச் செய்யும் முறையும் சில பெடல்களில் உண்டு. 1976-இல் வந்த எலக்ட்ரிக் மிஸ்ட்ரெஸ் அவ்வகையது. கர்நாடக இசைக்கு அதுவே மிகவும் பொருந்தும் என்பது என் கருத்து.

தம்பூராவின் ஜீவாவும் இவ்வாறு மேற்சுரங்களைத் திறந்து காட்டுகிறதே என்று வினவலாம். காரணம் வேறு. சி. வி. இராமன் 1921-இல் விளக்கியபடி, தந்தி வளைந்த குதிரைமேல் உராய்வதால் அங்கு மேற்சுரங்கள் பிறக்கின்றன. ஃபிளாஞ்சரோ எதையும் பிறப்பிப்பதில்லை. உள்ளதை வெட்டியும் வலுப்படுத்தியும் தருகிறது. எனவே மேற்சுரங்கள் குறைந்த புல்லாங்குழல் ஒலி அதில் ஏறி இறங்குவதோடு சரி. உலோகத் தந்தியுடைய வீணை பலன் தரும். மிருதங்கத்தின் ஒவ்வோர் அடியும் அசைவின் வெவ்வேறு கட்டத்தில் விழுவதால் வெவ்வேறு நிறம் பெறும்.

எல்லா அதிர்வெண்களும் நிரம்பிய இரைச்சலே இதற்கு மிகச் சிறந்த மூலப்பொருள். வானொலி இரைச்சலைப் பெடலுள் செலுத்தி, அசைவை நிறுத்தி, பின்னூட்டத்தை முக்கால் பங்கு ஏற்றி, தாமதக் குமிழைக் கையால் திருப்பினால் இரைச்சலிலேயே சுரவரிசை வாசிக்கலாம். சில பெடல்கள் பின்னூட்டம் மிகும்போது தாமாகவே ஊளையிடும். அது திடீரெனத் தொடங்குவது. ஆதலால் முதலில் ஒலிபெருக்கியைத் தாழ்த்திய பின்னரே அக்குமிழைத் தொடவேண்டும். செவிபேசி அணிந்த மாணவன் கையில் அதனைக் கொடுத்தல் ஆகாது.