டாக்டர் சீட்டும் ஒரு பிளாஸ்டிக் ஃபைலும்

திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள அரசு மேல்நிலைப் பள்ளிகளில் உயிரியல் பாடம் நடத்துவதுதான் இத்தனை ஆண்டுகளாக என் வேலை. நத்தம் சாலையிலிருந்தும் வேடசந்தூர் பக்கத்திலிருந்தும் டாக்டராகணும் என்று வந்த பிள்ளைகளில் மூளைக்குப் பஞ்சமான பிள்ளையை நான் பார்த்ததில்லை. அவர்களுக்குக் குறைவது இரண்டே விஷயம். ஒன்று, நேரத்துக்கு வந்து சேரும் தகவல். இன்னொன்று, படிப்புக்கென்று வீடு விட்டுக்கொடுக்கும் நாட்கள். நீட் தேர்வுக்கு எப்படிப் படிப்பது என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அதற்கு முன்னும் பின்னும் உள்ள வேலையைச் சொல்ல ஆள் குறைவு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது, 1984-இல் தொடங்கிய மாநில நுழைவுத்தேர்வு நடைமுறையில் இருந்தது. 2007-இல் அது நீங்கி, பிளஸ் டூ மதிப்பெண்ணே போதும் என்று ஆனது. 2017-இல் நீட் வந்தது. அந்த ஆண்டுதான் 1200-க்கு 1176 எடுத்த அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதா உச்ச நீதிமன்றம் வரை போய் நியாயம் கேட்டார். அவரை நாம் இழந்தோம். விலக்குக் கேட்டு 2021-லும் 2022-லும் சட்டமன்றம் மசோதா நிறைவேற்றியது, ஒப்புதல் கிடைக்கவில்லை. பிளஸ் டூ மதிப்பெண் முறையே கிராமத்துப் பிள்ளைகளுக்கு நியாயமானது என்பது என் உறுதியான கருத்து. ஆனால் இந்த வருஷம் என் முன்னால் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை, சட்டம் மாறும் வரை பொறுத்திரு என்று நான் சொல்ல முடியாது.

அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு இன்று இருக்கிற பெரிய கதவு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு. நீதிபதி கலையரசன் குழுவின் பரிந்துரைக்குப் பிறகு 2020-இல் வந்த சட்டம் அது. நீட் வந்த பிறகு, இந்தச் சட்டம் வரும் முன்பு, அரசுப் பள்ளியிலிருந்து எம்.பி.பி.எஸ். போனவர்களைக் கை விரல்களில் எண்ணிவிடலாம். சட்டம் வந்த முதல் ஆண்டிலேயே மருத்துவம், பல் மருத்துவம் இரண்டிலுமாக ஏறக்குறைய 400 இடங்கள் நம் பிள்ளைகளுக்கென்று ஒதுங்கின. அந்த ஆண்டு தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தும் கட்டணத்தை நினைத்துப் பின்வாங்கிய குடும்பங்கள் உண்டு. அதன் பிறகுதான் இந்த ஒதுக்கீட்டில் சேருபவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கும் என்ற அறிவிப்பு வந்தது. 2022-இல் சென்னை உயர் நீதிமன்றமும் இந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது.

இந்தக் கதவைப் பெற்றோரே தெரியாமல் சாத்திவிடுவதை ஒவ்வொரு ஜூன் மாதமும் பார்க்கிறேன். வெங்காயப் பேட்டையில் மூட்டை தூக்கும் ஒரு தகப்பனார், மகள் பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் எடுத்த சந்தோஷத்தில் டி.சி. வாங்க வந்தார்.

"எதுக்குண்ணே டி.சி.?"

"பிரைவேட்ல கேக்குறாக டீச்சர். நீட் கோச்சிங்கும் சேத்துத் தர்றாகளாம். வட்டிக்கு வாங்கியாச்சும் கட்டிப்புடலாம்னு இருக்கேன். டாக்டருக்குப் படிக்கணும்ங்குது புள்ள."

"டாக்டருக்குப் படிக்கணும்னா இங்கேயே இருக்கட்டும்ணே. ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் கவர்மெண்டு பள்ளிக்கூடத்துல படிச்சாத்தான் அந்த ஏழரை பர்சென்ட் கெடைக்கும். ரெண்டே வருசம் வெளிய போனாலும் போச்சு."

அவர் அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார். இதை அவரிடம் அதுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை.

ஆறு முதல் பன்னிரண்டு வரை ஏழு வகுப்பும் அரசுப் பள்ளி. இதுதான் விதி. மாநகராட்சி, நகராட்சிப் பள்ளிகளும், ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும், நம் மாவட்டத்தில் நிறைய இருக்கும் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளும் இதில் அடங்கும். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில் எட்டாம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் இலவசமாகப் படித்துவிட்டு ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்த பிள்ளைக்கும் உரிமை உண்டு. அரசு உதவி பெறும் பள்ளிகள் இதில் வராது. திண்டுக்கல் நகரில் பெயர் பெற்ற பல பள்ளிகள் உதவி பெறும் பள்ளிகளே. ஊரில் எல்லோரும் "கவர்மெண்டு ஸ்கூல் மாதிரிதான்" என்பார்கள். அந்த 'மாதிரி'யை நம்பி ஏமாந்த பிள்ளைகளின் முகம் எனக்கு மறப்பதில்லை. ஐந்தாம் வகுப்பு முடியும்போதே பெற்றோர் இதைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

இனி ஃபைலுக்கு வருகிறேன். பிளஸ் ஒன் சேரும் ஒவ்வொரு உயிரியல் குரூப் பிள்ளையிடமும் பொத்தான் வைத்த பிளாஸ்டிக் ஃபைல் ஒன்று வாங்கச் சொல்கிறேன். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், ஆதார், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், குடும்பத்தில் யாரும் பட்டம் படிக்கவில்லையென்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழ் எல்லாம் அதற்குள் போக வேண்டும். ஆறாம் வகுப்பிலிருந்து எந்தெந்தப் பள்ளியில் எந்தெந்த ஆண்டு படித்தோம் என்று தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்டுத் தரும் போனஃபைடு சான்றிதழ் பிளஸ் டூ முடிவில் அதோடு சேரும். நடுநிலைப் பள்ளி ஓர் ஊரிலும் மேல்நிலைப் பள்ளி இன்னோர் ஊரிலும் என்றால் இரண்டு இடத்திலும் வாங்க வேண்டியிருக்கும். கலந்தாய்வு அறிவித்த பிறகு அலைந்தால் பழைய பள்ளியில் தலைமையாசிரியர் மாறியிருப்பார், பதிவேடு தேட நாளாகும்.

மத்திய அரசின் ஓ.பி.சி. சான்றிதழ் வேறு, நம் தாசில்தார் கொடுக்கும் பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் வேறு. மாநிலக் கலந்தாய்வுக்கு நம் சான்றிதழ் போதும். நீட் விண்ணப்பத்திலும் அகில இந்திய ஒதுக்கீட்டிலும் ஓ.பி.சி. என்று குறித்தால், கிரீமிலேயரில் வரவில்லை என்ற மத்திய அரசுப் படிவச் சான்றிதழும் வேண்டும். அது ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியது. இ-சேவை மையத்தில் பதிந்தால் வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று மூன்று மேசை தாண்டி வர வேண்டும். ஏப்ரலிலேயே பதிந்துவிடுங்கள்.

ஃபைலில் இன்னொரு விஷயம் பெயர். ஆதாரில் இனிஷியல் பின்னால், பத்தாம் வகுப்புச் சான்றிதழில் முன்னால், சாதிச் சான்றிதழில் அப்பா பெயர் முழுதாக, அதுவும் ஓர் எழுத்து மாறி. இப்படி இல்லாத ஃபைல் அபூர்வம். விண்ணப்பத்தில் இதுவே இழுபறியாகும். பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதுவோரின் பெயர்ப் பட்டியலான நாமினல் ரோல் போகும் முன்பு இதைச் சரிசெய்வது எளிது. சான்றிதழ் அச்சாகி வந்த பிறகு திருத்துவது பெரும்பாடு.

செல்போன் நம்பரையும் சொல்ல வேண்டும். நீட் விண்ணப்பத்திலிருந்து கலந்தாய்வு வரை எல்லாவற்றுக்கும் ஓ.டி.பி. வரும். நம் வீடுகளில் போன் ஒன்றுதான். அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும், அல்லது அம்மாவோடு மில் ஷிப்டுக்குப் போய் கேட்டிலேயே தங்கிவிடும். பிள்ளை இ-சேவை மையத்தில் உட்கார்ந்திருக்கும், ஓ.டி.பி. வேடசந்தூர் மில் கேட்டில் ஒலித்துக்கொண்டிருக்கும். விண்ணப்பிக்கும் நாளில் போன் வீட்டில் இருக்கட்டும். ரீசார்ஜ் ஆஃபர் என்று அந்த சிம்மைக் கல்லூரியில் சேரும் வரை மாற்றாதீர்கள்.

படிப்பைப் பற்றி நான் அழுத்திச் சொல்வது பதினொன்றாம் வகுப்பைத்தான். நீட் பாடத்திட்டத்தில் சரிபாதி அங்கே இருக்கிறது. அந்த ஒரு வருஷத்தை ஓய்வு வருஷமாக நினைத்த பிள்ளை பிளஸ் டூவில் இரண்டு மடங்கு சுமக்கிறது. 2018, 2019-இல் வந்த நம் மாநிலப் பாடநூல்கள் கனமானவை, தரமானவை. அவற்றை வரிவரியாகப் படித்துவிட்டு என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தை எடுத்தால் முக்கால்வாசி தெரிந்ததாகவே இருக்கும். 180 கேள்வியில் 90 உயிரியல். 720 மதிப்பெண்ணில் 360. இந்தப் பாதியை வேகமாகவும் சுத்தமாகவும் முடிக்கிற பிள்ளைக்கே இயற்பியல் கணக்குக்கு நேரம் மிஞ்சும். நம் பிள்ளைகள் இடறுவது இயற்பியலில். அங்கே எல்லாப் பாடத்தையும் பிடிக்கப் பார்க்காமல், சூத்திரத்தை நேராகப் போட்டால் விடை வரும் பாடங்களை முதலில் கைக்குள் கொண்டுவரச் சொல்கிறேன்.

பள்ளித் தேர்வில் நாங்களே சொல்லிப் பழக்கிய ஒரு பாடத்தை நீட்டுக்காக மறக்கடிக்க வேண்டியிருக்கிறது. "எதையும் விடாதே, தெரிஞ்சதை எழுது" என்று பன்னிரண்டு வருஷம் சொல்லியிருக்கிறோம். நீட்டில் சரியான விடைக்கு 4, தவறுக்கு ஒன்று கழியும். மாதிரித் தேர்வின் ஓ.எம்.ஆர். தாளைப் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து திருத்துவேன். உத்தேசமாகக் குறித்தவற்றை மட்டும் பென்சிலால் தனியே சுழித்து எண்ணச் சொல்வேன். 70 கேள்வி உத்தேசம், அதில் 14 சரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வந்தது 56, போனது 56. கிடைத்தது ஒன்றுமில்லை. அந்த எழுபதில் செலவான நேரத்தில், தெரிந்த இயற்பியல் கேள்விகள் தொடாமலே கிடந்திருக்கும். இதைத் தன் தாளிலேயே பார்த்த பிள்ளை அடுத்த தேர்வில் மாறிவிடுகிறது. இரண்டு விடைகளை உறுதியாக நீக்க முடிந்தால் குறி, இல்லையென்றால் நகர். இதுதான் எங்கள் வகுப்பின் விதி.

தமிழ் வழியில் எழுதலாமா என்று கேட்பவர்களுக்கு, தாராளமாக எழுதலாம். வினாத்தாளில் தமிழும் ஆங்கிலமும் இரண்டும் இருக்கும். இரண்டுக்கும் வேறுபாடு வந்தால் ஆங்கிலமே முடிவு. 2018-இல் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்குப் போய், மதுரைக் கிளை 196 கருணை மதிப்பெண் வழங்கச் சொன்னதும், உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்ததும் நினைவிருக்கலாம். அதனால் தமிழில் குழப்பமாகத் தோன்றும் கேள்வியை ஆங்கிலத்திலும் ஒருமுறை பார்த்துவிடும் பழக்கத்தை மாதிரித் தேர்விலேயே கொண்டுவர வேண்டும். தேர்வு மையத்துக்காகக் கேரளம் வரை பிள்ளைகள் போன 2018 போல இப்போது இல்லை. 2021 முதல் திண்டுக்கல்லிலேயே எழுதலாம். ஆனால் தேர்வு ஞாயிற்றுக்கிழமை வரும், நம் பக்கத்து டவுன் பஸ் அன்று குறைவு, மதியம் ஒன்றரைக்குக் கேட் சாத்திவிடுவார்கள்.

முதல் முறை இடம் கிடைக்காத பிள்ளை இன்னொரு வருஷம் படிப்பதா, வேண்டாமா? இதுதான் எல்லாவற்றிலும் கடினமான கேள்வி. 7.5 விழுக்காடு உரிமை மறுமுறை எழுதுபவர்களுக்கும் உண்டு. இடம் பெறுபவர்களில் பலர் அப்படி எழுதியவர்களே. ஆனால் பெண் பிள்ளை என்றால் வீட்டுக்குள் பேச்சு வேறு மாதிரி போகும். "இன்னொரு வருசம் சும்மா வச்சிருந்தா சொந்தக்காரங்க என்ன சொல்லுவாக டீச்சர்? மில்லுக்கு அனுப்பினா கல்யாணத்துக்காச்சும் சேரும்" என்று ஒரு தாய் என்னிடம் அழுதபடி சொன்னார். அவரிடம் டாக்டர் சௌந்தரம் அம்மாவைப் பற்றிச் சொன்னேன். சின்னாளபட்டிக்குப் பக்கத்தில் காந்திகிராமத்தை உருவாக்கியவர் இளம் வயதில் கணவரை இழந்தவர். அதற்குப் பிறகு டெல்லி லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1936-இல் எம்.பி.பி.எஸ். முடித்தவர். அந்தத் தாய்க்கு முதல் பிரசவம் நடந்தது காந்திகிராமம் கஸ்தூரிபா மருத்துவமனையில்தான். "அந்த ஆஸ்பத்திரி வச்ச அம்மாவா?" என்று கேட்டார். மகள் அந்த வருஷம் மில்லுக்குப் போகவில்லை.

வீட்டிலிருந்து மறுமுறை படிக்கும் பிள்ளைக்குத் தண்ணீர் எடுப்பது, தம்பியைப் பார்த்துக்கொள்வது, விசேஷ வீட்டுக்குப் போவது எல்லாம் தானாக வந்து சேர்ந்துவிடும். காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை பள்ளிக்கூட நேரம்போலவே வைத்து, நூலகத்துக்கோ எங்கள் பள்ளிக்கோ அனுப்பிவிடுங்கள். படிக்கச் சொல்வதைவிட வேலை சொல்லாமல் இருப்பது பெரிய உதவி.

"நம்ம ஊர்லயே காலேஜ் வந்திருச்சுல்ல, நமக்கு முன்னுரிமை இருக்குமே" என்று பலர் கேட்கிறார்கள். அடியனூத்தில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி, 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட 11 கல்லூரிகளில் ஒன்று. இடங்கள் 150. உள்ளூர் ஒதுக்கீடு என்று எதுவும் கிடையாது. அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு 15 விழுக்காடு போக, மீதி மாநிலம் முழுமைக்குமான தரவரிசைப்படிதான். எனவே கலந்தாய்வில் திண்டுக்கல், மதுரை, தேனி என்று மூன்றை மட்டும் போட்டுவிட்டுக் காத்திருக்கக் கூடாது. நாகப்பட்டினமோ கிருஷ்ணகிரியோ, டாக்டர் பட்டம் ஒன்றுதான். 7.5 ஒதுக்கீட்டில் தனியார் கல்லூரிகளையும் வரிசையில் சேருங்கள். ஒரு சுற்றில் கிடைத்ததை ஏற்பதா, அடுத்த சுற்றுக்குப் போவதா என்ற விதி ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. அந்த ஆண்டு விளக்கக் குறிப்பேட்டை ஆசிரியரோடு உட்கார்ந்து படித்த பிறகே பட்டனை அழுத்த வேண்டும்.

பிளஸ் டூ மார்க்கை யாரும் கைவிடாதீர்கள். கால்நடை மருத்துவத்துக்கும், பி.எஸ்சி. நர்சிங், பார்மசி போன்ற படிப்புகளுக்கும் நம் மாநிலத்தில் அந்த மார்க்கில்தான் இடம். வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். வாங்கித் தருகிறேன் என்று வரும் ஏஜென்டிடம் வீட்டுப் பத்திரத்தை எடுத்து நீட்டும் முன், அதற்கும் நீட்டில் தகுதி பெற்றிருக்க வேண்டும் என்பதையும், திரும்பி வந்து இங்கே ஒரு தேர்வு எழுத வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ரிசல்ட் வரும் வாரத்தில் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். மார்க்கைக் கேட்கும் முன் சாப்பிட்டாயா என்று கேளுங்கள். பேச்சே இல்லாமல் ஒதுங்கினால் 104-க்கோ 14416-க்கோ போன் செய்யுங்கள், தமிழிலேயே பேசுவார்கள். பத்தாம் வகுப்பில் பிள்ளை படிக்கும் வீட்டார், நாமினல் ரோல் போகும் முன் ஆதாரையும் சாதிச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்கு வாருங்கள். அரை நாள் கூலி போகும், அதைப் பார்க்காதீர்கள்.