மழையைத் தாங்கும் பூச்சு போதாது: பெரிய மீன் தொட்டிக்கு எதைப் பூசலாம், எதைத் தொடக்கூடாது

அரோவானா, ஆஸ்கர் போன்ற பெரிய மீன்கள்மேல் ஆசைப்பட்டவர்கள், எட்டடித் தொட்டியை முழுக்கக் கண்ணாடியில் செய்ய விலை கேட்டதும் வேறு வழி யோசிக்கத் தொடங்குவார்கள். முன்பக்கம் மட்டும் கண்ணாடி, மற்ற பக்கங்களும் அடியும் பிளைவுட் அல்லது செங்கல் கட்டு. நல்ல யோசனைதான். ஆனால் அப்படிக் கட்டிய தொட்டியில் தண்ணீரை நிறுத்துவது மரமும் இல்லை, செங்கல்லும் இல்லை. அவற்றின்மேல் இருக்கும் அரை மில்லிமீட்டர் பூச்சு.

ஹார்டுவேர் கடையில் போய் ‘வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட்’ என்று கேட்டால் பெரும்பாலும் மொட்டை மாடிக்கு அடிக்கிற டப்பாவைத்தான் எடுத்து வைப்பார்கள். அதன் வேலை மழைநீரை வழிந்தோட விடுவது. தொட்டிப் பூச்சோ வருடக் கணக்கில் நீருக்குள் மூழ்கிக் கிடக்க வேண்டும், மீனைக் கொல்லக்கூடாது, கண்ணாடியை ஒட்டும் சிலிக்கானைப் பிடித்துக்கொள்ளவும் வேண்டும். மூன்றும் வெவ்வேறு கேள்விகள். மூன்றுக்கும் தனித்தனியாகப் பதில் கிடைக்காத டப்பாவை வாங்காதீர்கள்.

பேச்சுக்கு 8 அடி நீளம், 3 அடி அகலம், 3 அடி உயரம் என்று ஒரு தொட்டியை வைத்துக்கொள்வோம். சுமார் 2,000 லிட்டர் பிடிக்கும். அதாவது இரண்டு டன் தண்ணீர்.

செய்ய வேண்டியவை

முதலில் சுவரைப் பாருங்கள், பிறகு டப்பாவை. மரம் ஈரத்துக்கு உப்பும், காய்ந்தால் சுருங்கும், பாரத்தில் வளையும். செங்கல் கட்டு வளையாது. ஆனால் மயிரிழை வெடிப்பு விடும், உள்ளேயிருந்து காரத்தைக் கசிய விடும். பிளைவுட் தொட்டிக்கு எபாக்ஸியும் அதற்குள் ஒரு ஃபைபர் துணியும் சேர்ந்ததே என் தேர்வு. எபாக்ஸி மட்டும் என்றால் பலகைகள் சேரும் மூட்டில் என்றாவது ஒருநாள் கீறல் விழும். துணி இருந்தால் அந்த இழுப்பை அது வாங்கிக்கொள்ளும். செங்கல் தொட்டிக்கு எபாக்ஸியும் சரி, பாலிமர் கலந்த சிமெண்ட் பூச்சும் சரி. பின்னதை லேசாக ஈரமுள்ள சுவரிலேயே அடிக்கலாம் என்பது நம் ஊருக்கு ஒரு வசதி. வெயில் படும் வெளித் தொட்டி என்றால் எபாக்ஸி மஞ்சளாகி மேலே மாவு பூக்கும். நீர்மட்டத்துக்கு மேலே தெரியும் பகுதிக்காவது வெயில் தாங்கும் மேல்பூச்சு வேண்டும்.

பிளைவுட்டில் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் ரகத்தையே வாங்குங்கள். பூச்சில் ஊசித்துளை விழுந்தால் சாதாரண ரகம் அடுக்கடுக்காகப் பிரிந்துவிடும். மரைன் ரகம் உங்களுக்குக் கொஞ்சம் அவகாசம் தரும். பலகையின் முகத்தைவிட வெட்டிய விளிம்புதான் அதிகம் குடிக்கும்; அங்கே கூடுதலாக ஒரு கை பூசுங்கள்.

குடிநீர்த் தொட்டிக்கு ஏற்றது என்ற சான்றைக் கேட்டு வாங்குங்கள். நம் நாட்டில் மைசூருவில் இருக்கும் சி.எஃப்.டி.ஆர்.ஐ. ஆய்வகத்தின் சோதனை அறிக்கையைக் காட்டுவார்கள். வெளிநாட்டுச் சரக்கில் என்.எஸ்.எஃப். 61 என்ற குறிப்பு இருக்கும். கரைப்பான் கலக்காத, நூறு சதவீதம் திடமாகும் எபாக்ஸியாகப் பாருங்கள். ஒரு லிட்டர் பூசினால் ஒரு லிட்டரும் சுவரில் தங்கும். தின்னர் கலந்தது அப்படியல்ல. அதில் ஒரு பகுதி காற்றில் போகும், மீதியில் கொஞ்சம் பூச்சுக்குள் மாட்டிக்கொண்டு பிறகு தண்ணீரில் இறங்கும். நம் எட்டடித் தொட்டிக்கு உட்புறம், முன்கண்ணாடியைத் தாங்கும் சட்டத்தையும் சேர்த்து, ஏறக்குறைய 7 சதுர மீட்டர். அரை மில்லிமீட்டர் கனத்துக்கு மூன்றரை லிட்டர் கணக்காகும். சேதாரம் சேர்த்து நான்கு வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு லிட்டரிலேயே முடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அவர் அடிக்கப்போவது நிறம் மட்டுமே.

புதுச் சிமெண்டைக் காயவிடுங்கள். 28 நாள் என்பது வழக்கமான கணக்கு. அதன் பிறகும் நம்பிவிட வேண்டாம்: ஒன்றரை அடிச் சதுரத்துக்கு பாலித்தீன் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு நாள் விட்டுப் பிரித்துப் பாருங்கள். உள்ளே வேர்த்திருந்தாலோ சுவர் கறுத்திருந்தாலோ எபாக்ஸிக்கு இன்னும் நேரம் வரவில்லை. கடலோர ஊர்களில் ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையைத் தொடாமலிருப்பது உத்தமம்.

உள்மூலைகளைச் சாந்தாலோ எபாக்ஸி பட்டியாலோ வளைவாக நிரப்புங்கள். கூர்மையான மூலையில் பூச்சு மெலிந்துதான் நிற்கும். துணியும் அங்கே படியாமல் தூக்கிக்கொள்ளும். கசியும் தொட்டிகளில் முதலில் தேட வேண்டிய இடம் மூலைதான்.

சிமெண்டில் பூச வெயில் இறங்கும் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். காலையில் பூசினால் சுவர் சூடாகச் சூடாக உள்ளிருக்கும் காற்று விரிந்து, இறுகாத பூச்சைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். ஒவ்வொரு குமிழியும் ஒரு ஊசித்துளை. மாலையில் சுவர் ஆறும்போது காற்று உள்வாங்கும். பூச்சும் கூடவே உள்ளே இழுபடும். செலவில்லாத உபாயம் இது, ஆனால் பெயிண்டர்கள் காலையில்தான் வந்து நிற்பார்கள்.

முதல் கோட்டும் இரண்டாவதும் வேறு வேறு நிறமாக இருக்கட்டும். விட்டுப்போன இடம் கண்ணில் படும். இரண்டு கோட்டுக்கும் நடுவே டப்பாவில் சொன்ன இடைவெளி தாண்டிவிட்டால் முதலில் தண்ணீரும் நாரும் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். ஈரக் காற்றில் எபாக்ஸியின்மேல் மெழுகு மாதிரி ஒரு படலம் படியும். அதைக் கழுவாமல் நேரே உப்புத்தாள் போட்டால் படலத்தைப் பூச்சுக்குள் தேய்த்து இறக்கியதாகிவிடும்.

ஒரு மாதிரித் துண்டு செய்யுங்கள். இதை மட்டும் சோம்பலால் விட்டுவிடாதீர்கள். அதே பலகையில் அதே பூச்சை அடித்து, முழுக்க இறுகியதும் ஒரு கண்ணாடிக் கீற்றை சிலிக்கானால் ஒட்டி, காய்ந்தபின் ஒரு வாரம் நீரில் ஊறப்போட்டுப் பிடுங்கிப் பாருங்கள். சிலிக்கான் கிழிந்தால் நல்லது. தோல் உரிவதுபோல் பூச்சிலிருந்து முழுசாக வந்துவிட்டால் அந்த ஜோடி சேராது. எபாக்ஸியில் பெரும்பாலும் பிடிக்கும். ரப்பர் வகைப் பூச்சுகளிலும் பாலியூரித்தேன்களிலும் அடிக்கடி ஏமாற்றும். இரண்டு டன் தண்ணீர் சாய்ந்து நிற்கப்போகும் கண்ணாடி அது. அதைச் சட்டத்தின் உட்பக்கமாகவே வையுங்கள். நீரின் அழுத்தம் கண்ணாடியைச் சட்டத்தோடு சேர்த்து அமுக்கும்.

செய்யக்கூடாதவை

பாசி பிடிக்காது, பூஞ்சை வராது என்று பெருமையாக எழுதியிருக்கும் எதையும் வாங்காதீர்கள். பாசியைக் கொல்லும் மருந்து மீனின் செவுளிடம் மட்டும் இரக்கம் காட்டாது. படகின் அடியில் அடிக்கும் செம்புச் சேர்மானப் பெயிண்டும், குளியலறைக்கான பூஞ்சைத் தடுப்பு சிலிக்கானும் இதே வகைதான்.

தார் எபாக்ஸி பக்கம் போகாதீர்கள். கழிவுநீர்த் தொட்டிக்கு அருமையான பொருள். நிலக்கரித் தாரில் உள்ள நச்சுகள் நீரில் கசியும் என்பதால் மீனுக்கு ஆகாது.

ஃபைபர் படகுக்காரரிடம் வேலை கொடுப்பதில் தவறில்லை. நம் கடற்கரை ஊர்களில் அந்தக் கைத்திறன் தாராளமாகக் கிடைக்கிறது. ஆனால் அவர்கள் வழக்கமாகப் பிடிக்கும் பாலியெஸ்டர் ரெசினில் ஸ்டைரீன் இருக்கிறது. வாடை போவதற்கு முன் நீர் நிரப்பக்கூடாது. எபாக்ஸிதான் வேண்டும் என்று நீங்கள் வாங்கிக் கொடுத்தால் படகுக்குப் போடும் பொடிநார் விரிப்பை அதோடு சேர்க்காதீர்கள். அந்த விரிப்பின் பசை பொதுவாக ஸ்டைரீனில்தான் கரையும். எபாக்ஸியில் விறைப்பாகவே நிற்கும். நெய்த துணி வாங்குங்கள். இன்னொன்று, நீங்களே பாலியெஸ்டர் கலப்பதானால் கோபால்ட்டையும் ஹார்டனரையும் நேரடியாக ஒன்றில் ஒன்று ஊற்றிவிடாதீர்கள், வெடிக்கும். முதலாவதை ரெசினில் நன்றாகக் கலந்த பிறகே இரண்டாவது.

ஹார்டனரைக் கூட்டினால் சீக்கிரம் காயும் என்று நினைக்காதீர்கள். பாலியெஸ்டர் வேலை பழகியவர்களுக்கு வரும் கெட்ட பழக்கம் இது. எபாக்ஸியில் இரண்டு பாகமும் ஒன்றோடொன்று பிணைந்துதான் கெட்டியாகின்றன; கூடுதலாக ஊற்றியது பிணைய ஆளில்லாமல் பூச்சுக்குள்ளேயே பிசுபிசுவென்று கிடந்து, பிறகு தண்ணீருக்கு வரும். எடைக் கணக்கா, அளவுக் கணக்கா என்று டப்பாவில் பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டும் ஒன்றல்ல. கலந்ததை வாளியிலேயே வைத்திருந்தால் தானே சூடேறிப் புகையும், எனவே கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள். கையுறை கட்டாயம். எபாக்ஸி ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் ஆயுசுக்கும் போகாது.

ஈரப்பதத்தில் இறுகும் பாலியூரித்தேனை ஈரச் சுவரில் கனமாக அடிக்காதீர்கள். தண்ணீர் பட்டதும் வாயு கிளம்பி, தோசை மாவில் கண் விழுவதுபோல் விழும்.

பூச்சு அடிக்கும் முன் எங்குமே சிலிக்கான் தடவாதீர்கள். காய்ந்த சிலிக்கான்மேல் எதுவும் ஒட்டாது, புது சிலிக்கான்கூட ஒழுங்காக ஒட்டாது.

மாடி அறையில் வைப்பதாக இருந்தால் பொறியாளரைக் கேட்காமல் ஒரு செங்கல்கூட வைக்காதீர்கள். குடியிருப்புத் தளத்துக்கு ஐ.எஸ். 875 சொல்லும் சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ. மூன்றடி உயரத் தண்ணீர் மட்டுமே 900 கிலோவுக்கு மேல். தளம் ஒரு நூல் வளைந்தாலும் முதலில் விரிவது பூச்சுதான். தரையில் பாதி புதைத்துக் கட்டும் தொட்டிக்கு வேறு வில்லங்கம்: மழைக்காலத்தில் நிலத்தடி நீர் ஏறி, வெளியிலிருந்து பூச்சைத் தள்ளும். அந்தச் சமயத்தில் தொட்டியைக் காலியாக வைத்தால் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும்.

தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காகத் தண்ணீர் விடாதீர்கள். பல எபாக்ஸிகள் முழுதாக இறுக 7 நாளாவது ஆகும். பிறகு மூன்றில் ஒரு பங்கு, பாதி, முழுசு என்று படிப்படியாக நிரப்பி, ஒவ்வொரு படியிலும் ஓரிரு நாள் நிறுத்தி, வெளிப்புறத்தைக் கையால் தடவிப் பாருங்கள். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி நிரப்புங்கள். வாழைத்தண்டு நறுக்கிப் போட்டுச் சுண்ணாம்புக் காரத்தை எடுப்பது பூச்சில்லாத சிமெண்ட் தொட்டிக்கான வைத்தியம். எபாக்ஸித் தொட்டிக்கு அதனால் பயனில்லை. அங்கேயும் காரத்தன்மை ஏறுகிறதென்றால் பூச்சில் எங்கோ ஓட்டை என்று பொருள்.

உணவுத்தரச் சான்று இருக்கிறதே என்று முதல் நாளே அரோவானாவை விடவும் வேண்டாம். சான்று மனிதன் குடிக்கும் நீருக்கானது, அதுவும் சரியாகக் கலந்து சரியாக இறுகிய பூச்சுக்கானது. நீங்கள் கலந்தது அப்படித்தான் என்பதற்கு அதில் உத்தரவாதமில்லை. உள்ளே தலையை நீட்டி முகர்ந்தால் இன்னும் பெயிண்ட் வாடை வருகிறதா? இன்னொரு வாரம் போகட்டும்.

மிச்சப் பூச்சைத் தூக்கி எறியாதீர்கள். இரண்டு பாகத்தையும் தனித்தனியே இறுக மூடி, வாங்கிய தேதியை எழுதி வெயில் படாத இடத்தில் வையுங்கள். இரண்டு வருடம் கழித்துக் கல் உருண்டு ஒரு கீறல் விழுந்தால், மீனை மாற்றி, நீரை இறக்கி, அந்த இடத்தைக் காயவைத்து, உப்புத்தாள் போட்டு அடிக்க அதே பூச்சு கையில் இருக்கும். டப்பாவின் காலக்கெடு மட்டும் தாண்டியிருக்கக்கூடாது.