பஷீரின் மங்குஸ்தான் நிழல்

முன்னுரை

இன்பத்தைச் சிற்றின்பம், பேரின்பம் எனப் பகுத்துக் காண்பது நம் இலக்கிய மரபு. முன்னது உடலைச் சார்ந்தது. பின்னது இறையைச் சார்ந்தது. இவ்விரண்டிலும் அடங்காத இன்பம் ஒன்று உண்டு. மரநிழல், சூடான தேநீர், பழைய பாட்டு, வாசலில் வந்து நிற்கும் விருந்தினர் என அன்றாடம் வாய்க்கும் எளிய இன்பம் அது. மலையாள எழுத்தாளர் வைக்கம் முகம்மது பஷீரின் (1908-1994) முதுமைக்காலம் இவ்வின்பத்தால் நிறைந்திருந்தது. அது வெறும் ஓய்வா, அன்றி அவர்தம் இலக்கியத்தின் தொடர்ச்சியா என்பதைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கட்டுப்படாத வாழ்வு

வைக்கத்தை அடுத்த தலயோலப்பறம்பில் பிறந்த பஷீர், பள்ளிப் படிப்பைக் கைவிட்டு விடுதலைப் போரில் இறங்கினார். 1930இல் உப்புச் சத்தியாக்கிரகத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றார். பின்னர்ப் பல ஆண்டுகள் நாடெங்கும் அலைந்தார். சமையற்காரர், சோதிடம் சொல்பவர், செய்தித்தாள் விற்பவர், காவலாளி எனக் கிடைத்த வேலைகளையெல்லாம் செய்தார். துறவியரோடும் சூஃபிகளோடும் தங்கினார். எழுத்தாளரான பின்பும் தம் நூல்களைத் தாமே சுமந்து வீடுவீடாகச் சென்று விற்றார். எர்ணாகுளத்தில் புத்தகக்கடை நடத்தினார். பசியும் சிறையும் அவர் அறிந்தவை. மனநோய்க்கும் ஆளாகிச் சிகிச்சை பெற்று மீண்டவர் அவர். ஆகவே பிற்காலத்தில் அவர் துய்த்த அமைதி, துன்பம் அறியாதவரின் அமைதி அன்று. துன்பத்தைக் கடந்தவர் ஈட்டிய அமைதி என்பதை மனங்கொள்ள வேண்டும்.

நிழலும் தேநீரும் இசையும்

ஏறத்தாழ ஐம்பது வயதில் ஃபாபி என்றழைக்கப்பட்ட பாத்திமா பீவியை மணந்த பஷீர், பின்னர்க் கோழிக்கோட்டை அடுத்த பேப்பூரில் நிலைகொண்டார். வீட்டு முற்றத்தில் ஒரு மங்குஸ்தான் மரம். அதன் நிழலில் சாய்வு நாற்காலி, அருகே கிராமபோன், இடையில் வேட்டி மட்டும். இதுவே 'பேப்பூர் சுல்தான்' எனப் போற்றப்பட்டவரின் அரசவை. பாலில்லாத 'சுலைமானி' தேநீர் அவருக்கு உகந்தது. இசைத்தட்டில் கே.எல். சைகலும் பங்கஜ் மல்லிக்கும் பாடுவர். சைகல் பாடிய 'சோஜா ராஜகுமாரி' என்னும் தாலாட்டில் அவருக்குத் தனி ஈடுபாடு.

எழுத்தாளர், மாணவர், வழிப்போக்கர் எனப் பலரும் அந்நிழலை நாடி வந்தனர். இவ்விருந்தோம்பலுக்குப் பின்னால் ஃபாபியின் உழைப்பு இருந்தது. கணவர் தம்மை அழைத்த 'எடியே' என்ற சொல்லையே தலைப்பிற்கொண்டு அவர் கூறிய நினைவுகள் 'பஷீரின்டெ எடியே' என நூலாகியுள்ளன. ஒருவரின் எளிய இன்பத்திற்கு மற்றொருவரின் கை துணை நிற்பதை இளைஞர் மறத்தலாகாது.

நிழலிலிருந்து பிறந்த இலக்கியம்

முதுமையில் பஷீர் மிகுதியாக எழுதவில்லை. எனவே அக்காலம் வறண்டது எனச் சிலர் கருதக்கூடும். 1977இல் வெளிவந்த 'பூமியுடெ அவகாசிகள்' இக்கருத்தை மறுக்கும் சான்றாகும். 'பூமியின் உரிமையாளர்கள்' என்பது இதன் பொருள். இக்கதையில் ஒருவன் இரண்டு ஏக்கர் தோட்டம் வாங்குகிறான். பத்திரம் அவன் பெயரில் இருக்கிறது. ஆனால் பறவை, அணில், பாம்பு, எறும்பு என ஒவ்வோர் உயிரும் அங்கே தன் பங்கைக் கொள்கிறது. இளநீரை வௌவால்கள் குடித்துவிடுகின்றன என மனைவி முறையிடுகிறாள். அவனோ, அவையும் இறைவனின் படைப்பே, அவற்றுக்கும் உரிமை உண்டு என்கிறான். மனைவியின் வாதத்திலும் நியாயம் உள்ளது. இழப்பைச் சுமப்பது அவளுடைய அடுப்படி அன்றோ! இருபக்க வழக்கையும் நகைச்சுவையோடு நிறுத்தியிருப்பதே இக்கதையின் சிறப்பு.

இப்பார்வைக்கான வித்தை முன்னரே அவர் எழுத்தில் காணலாம். 1959இல் வெளிவந்த 'பாத்தும்மாவின் ஆடு' நாவலில், தங்கை வளர்க்கும் ஆடு ஆசிரியரின் 'பால்யகால சகி' நூற்படியைத் தின்றுவிடுகிறது. தம் நூலைத் தாமே சுமந்து விற்றவர், அது ஆட்டுக்கு இரையானதைக் கண்டு நகைக்கிறார். தம் படைப்பின்மீதும் தனியுரிமை பாராட்டாத இம்மனமே, பின்னாளில் தோட்டத்தை வௌவாலோடு பகிர்ந்துகொண்டது எனலாம்.

நிறைவுரை

1982இல் பத்மஸ்ரீ விருது பெற்ற பின்னும் மங்குஸ்தான் நிழலே பஷீரின் இருப்பிடமாயிற்று. 1994 ஜூலை 5ஆம் நாள் பேப்பூரில் அவர் மறைந்தார். வறுமையில் கைமாறு கருதாது பகிரக் கற்றவர், வசதி வந்தபோதும் அதனை மறக்கவில்லை. நிழலும் தேநீரும் பாட்டும் பிறரோடு பகிர்ந்தபோதே அவருக்கு இன்பமாயின. எனவே அவருடைய முதுமை இலக்கியத்திலிருந்து பெற்ற ஓய்வு அன்று; எழுதியதை வாழ்ந்து காட்டிய காலம் என்பது தெளிவாகிறது. மாணவர்கள் பஷீரின் நூல்களைத் தமிழாக்கங்களிலேனும் படித்தல் வேண்டும். படித்தபின், தம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கும் முதியவரோடு ஒரு குவளைத் தேநீர் அருந்திப் பேசுதல் அதனினும் நன்று.